பின் சூ தேயாத பெருமை

எங்கள் பிக்கப்புக்குப் பின் பிறேக் சூ, அதாவது டிறம்முக்குள் விரிந்து உரசிச் சில்லை நிறுத்துகிற கட்டை, மாற்றி நான்கு வருடம் ஆகியிருந்தது. எப்போது டிறம்மைக் கழற்றிப் பார்த்தாலும் சூ புதுசு போலவே இருக்கும். "நான் ஓடுற விதம் அப்படி" என்று மச்சானிடம் பலமுறை பெருமை அடித்திருக்கிறேன். அந்தச் சூ ஏன் தேயவில்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வாகனம் 1993 டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், டீசல். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிறம். மச்சானுக்குத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிக் கடை. மாதத்தில் இரண்டு தரம் நானும் அவரும் நுவரெலியா போய் லீக்ஸ், கரட், கோவா ஏற்றி வருவோம். வழியில் தம்புள்ளை மொத்தச் சந்தையிலேயே வாங்கலாமே என்று கேட்பீர்கள். நடுவில் வாங்கி விற்கிற ஒரு கை குறைந்தால் டீசல் காசு வந்துவிடும் என்பது மச்சானின் கணக்கு. கணக்குச் சரியோ தெரியாது, எனக்குக் குளிரில் ஒரு பிளேன்ரீ குடிக்கப் பிடிக்கும், போய்வருகிறேன்.

யாழ்ப்பாணத்தானுக்கு மலை இறங்கத் தெரியாது என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். எங்களிடம் இருக்கிற ஏற்றம் எல்லாம் பாலத்து ஏற்றம்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வீதி வளைந்து வளைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு தொன் சுமையோடு நான்காம் கியரிலேயே விட்டு, பிறேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைத் தாண்டும்போது ஒரு மணம். தேயிலை மணம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் பலகை வரை போனது. இரண்டாந்தரம் மிதித்தேன், பஞ்சு மாதிரி இருந்தது. மச்சான் ஒன்றும் பேசவில்லை, டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று, இரண்டு என்று கியரைக் குறைத்து, ஹேண்ட்பிறேக்கை இழுத்து, மலைப்பக்கக் கானோரமாக ஒருமாதிரி நிற்பாட்டினேன். முன் சில்லிலிருந்து புகை வந்தது.

அரை மணித்தியாலம் ஆறவிட்டோம். பெடல் தானாகவே பழையபடி மேலே வந்துவிட்டது. மிச்ச இறக்கத்தை இரண்டாம் கியரில் உருண்டோம். பின்னால் வந்த பஸ்காரர் என்ன சொல்லித் திட்டினார் என்று மச்சான் இன்னும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் கொக்குவிலில் எனக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணை சண்டைக் காலத்தில் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் ஏ40களையும் பார்த்தவர். ஒரு வாகனத்தின் சாமானை இன்னொன்றுக்குக் கொழுவுவது அவருக்குக் கைப்பழக்கம். முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பெடல் கீழ போனதோ, இல்லாட்டி கல்லு மாதிரி நிண்டும் பிடிக்கேல்லையோ?"

"கீழ போனது அண்ணை."

"அப்ப ஒயில் கொதிச்சிருக்கு."

பெடல் இறுக்கமாக நின்றும் வாகனம் நிற்காவிட்டால் டிஸ்க்கை உரசிப் பிடிக்கிற பாட் சூடேறிப் பிடியை இழந்துவிட்டது என்று அர்த்தம். பெடல் பஞ்சாகினால், பாட்டை டிஸ்க்கில் அமத்துகிற கலிப்பருக்குள் இருந்த பிறேக் ஒயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது, அதனால்தான் கால் பலகைக்குப் போகிறது. டொட் 3 ரகப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறியபின் டொட் 3க்கு எதிர்பார்க்கும் அளவு 140 பாகைதான். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. எங்கள் ஒயில் எப்போது மாற்றியது என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். போத்தலுக்குள் இருந்தது கோப்பி நிறம்.

ஒயிலை மாற்றிவிட்டு, கியரில் இறங்கப் பழகியிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பெரிய பிறேக் வேண்டும் என்று நின்றேன். 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு பழைய பிக்கப்பின் விலையே எங்கேயோ போய்விட்டதால், வேறு வாகனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அண்ணை சொன்ன வழி இது: அதே காலத்து ஹைலக்ஸ் சேர்ஃப், ஹைலக்ஸின் ஜீப் வடிவம், அதுவும் வி6 பெற்றோல் எஞ்சின் போட்டது. அதன் முன் கலிப்பர் எங்களுடையதைவிட அகலம். இரண்டுமே நான்கு பிஸ்டன் கலிப்பர்தான், பூட்டுகிற போல்ட் ஓட்டையும் ஒத்துவரும். டிஸ்க்கையும் கலிப்பரையும் ஒரே வாகனத்திலிருந்து சோடியாக எடுக்க வேண்டும், ஒன்றைத் தனியாக வாங்கிவிட்டு மற்றதைத் தேடி அலையக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கலிப்பரின் உடம்பில் வார்ப்பிலேயே எஸ்12டபிள்யூ என்று எழுதியிருக்கும், அதைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதே என்றார்.

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு மச்சானின் தம்பி போனார். முதல் கடைக்காரர் "சேர்ஃப் எண்டா எல்லாம் ஒண்டுதான்" என்று ஒரு சோடியைத் தூக்கி மேசையில் வைத்திருக்கிறார். தம்பி ஊத்தையைச் சுரண்டிப் பார்த்தால் வேறு எழுத்து. நாலாவது கடையில் கிடைத்தது. போனில் படம் அனுப்பினார், நாங்கள் கராஜில் மூன்று தலையை ஒரு திரைக்குள் விட்டு வார்ப்பெழுத்தை வாசித்தோம்.

பிஸ்டன்களைக் கழற்றி, றப்பர் கிற் புதிதாகப் போட்டோம். இதில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கராஜுகளில் எதைக் கழற்றினாலும் டீசலில் கழுவுகிற பழக்கம் உண்டு. பிறேக் றப்பரில் டீசலோ சாதாரணக் கிறீஸோ பட்டால் றப்பர் ஊதிவிடும், பிறகு பிஸ்டன் இறுகி நிற்கும். அண்ணை பிறேக் ஒயிலிலேயே கழுவினார். "கை மட்டும் டீசலில கழுவுங்கோ" என்றார்.

இந்த ஹைலக்ஸில் டிஸ்க், சில்லு பூட்டுகிற ஹப்புக்குப் பின்புறமாகப் போல்ட் பண்ணியிருக்கும். அதனால் ஹப்பையே கழற்ற வேண்டும், கழற்றினால் பெயரிங்கைக் கழுவிப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். ஒருநாள் வேலை. உள்ளே இருந்த தூசித் தகட்டின் ஓரம் புதுக் கலிப்பரில் முட்டியது, கிறைண்டரால் விரலகலம் வெட்டினோம். 15 அங்குல றிம்முக்குள் கலிப்பர் மயிரிழையில் அடங்கியது. சில்லைப் பூட்டிச் சுற்றினால் "கிறிக் கிறிக்" என்று ஒரு சத்தம். றிம்மின் உட்புறம் ஒட்டியிருந்த பலன்ஸ் ஈயம் கலிப்பரில் உரசியது! அதைச் சுரண்டிவிட்டு ஓரத்தில் கொழுவுகிற ஈயம் போட்டோம்.

பிறேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது நான் படுத்திய பாட்டை மறைக்க மாட்டேன். வலது பக்கக் கலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் பூட்டியவன் நான்தான். பூட்டலாம், ஒன்றும் தடுக்காது. ஆனால் காற்று எடுக்கிற நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலேதானே நிற்கும். ஒரு லீற்றர் ஒயில் போனது, பெடல் ஏறவே இல்லை. அண்ணை ரீ குடித்துவிட்டு வந்து குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சாவியை என் கையில் வைத்தார்.

மாற்றிப் பூட்டியபின் காற்று போனது, ஆனாலும் பெடல் கொஞ்சம் கீழேதான் நின்றது. காரணம் நேரானது. பெரிய கலிப்பருக்கு ஒயில் கூடுதலாக வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு அவ்வளவு தள்ளாது. எங்களுடையதில் 7/8 என்று வார்த்திருந்தது, உள்விட்டம் அங்குலத்தில். அதே சேர்ஃபின் மாஸ்டர் ஒரு அங்குலம். கணக்குப் பார்த்தால் அதே மிதிக்கு முப்பது வீதம் அளவில் கூடுதல் ஒயில். இலவசமாக இல்லை, அதே அழுத்தம் வரக் காலும் அந்தளவு கூட அமத்த வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது, மச்சானுக்குப் பிடிக்கவில்லை. மாஸ்டரை மாற்றும்போது, மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டரிலிருந்து வருகிற கம்பிக்கும் மாஸ்டரின் பிஸ்டனுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் பிறேக் எப்போதும் அரைகுறையாகப் பிடித்தபடியே இருக்கும். கைதடி வரை போய், ஹப்பில் தண்ணீர் தெளித்து "சொர்" என்றபின் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் முடிந்து கைகழுவும்போதுதான் அண்ணை பின்பக்கம் போய் டிறம்மைக் கழற்றினார். நானும் வழமைபோல "பாருங்கோ அண்ணை, நாலு வருசம்" என்றேன்.

"அதுதான் தம்பி நானும் பாக்கிறன். உது வேலை செய்தால் தேயும்தானே."

வாகனத்துக்கு அடியில் படுக்கச் சொன்னார். பின் அக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அக்சிலுக்கு வருகிறது. சுமை ஏறினால் வாகனத்தின் பொடி (உடம்பு) இறங்கும், பொடிக்கும் அக்சிலுக்கும் உள்ள தூரம் குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிறேக்குக்கு அழுத்தம் கூடப் போகும். வெறும் வாகனத்தில் பின்பக்கம் பாரமில்லை, அழுத்தம் கூடினால் பின் சில்லு இறுகி வாகனம் சறுக்கும், அதனால் வால்வு குறைத்துக் கொடுக்கும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? மரக்கறி ஏற்ற வசதியாக இரண்டு ஸ்பிரிங் பிளேட் மேலதிகமாகப் போட்டோம். பொடி உயர்ந்தது. ஒரு தொன் ஏற்றினாலும் கொம்பனி வைத்த உயரத்துக்குக் கூட இறங்காது. வால்வைப் பொறுத்தவரை எங்கள் வாகனம் பல வருடமாக வெறுமையாகவே ஓடிக்கொண்டிருந்தது. றம்பொடையில் அவ்வளவு சுமையையும் முன் இரண்டு சில்லுமே பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கின்றன. ஒயில் கொதிக்காமல் என்ன செய்யும்? பெரிய கலிப்பர் போட்டபின் முன்பக்கத்தின் பங்கு இன்னும் கூடிவிட்டது என்பதையும் அண்ணை அந்த இடத்திலேயே சொன்னார். நான் அடியில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

மேலதிகப் பிளேட்டைக் கழற்றலாம் என்றால் மச்சான் சம்மதிக்கவில்லை. அப்படியானால் கம்பியின் அடிக்காலை அக்சிலில் அதே அளவு உயர்த்த வேண்டும். அளந்தோம், 45 மில்லிமீற்றர். தகட்டிரும்பில் ஒரு பிறக்கற் அடித்து, அக்சிலில் வெல்ட் பண்ணாமல், இருந்த இடத்திலேயே போல்டால் பூட்டினோம். கம்பியின் மூட்டு உப்புக்காற்றில் துருவேறி அசையாமல் இருந்தது, அதையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். வால்விலும் காற்று எடுக்க ஒரு நிப்பிள் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை.

பரிசோதனைக்கு நாவற்குழியால் திரும்பிச் சங்குப்பிட்டிப் பக்கம் போகும் வீதி. விடியற்காலை, இரண்டு பக்கமும் வெளி, ஆளில்லை. புதுப் பாட்டைப் பதப்படுத்த ஐம்பதில் ஓடிப் பத்துக்குக் குறைப்பது, முழுக்க நிற்பாட்டாமல் திரும்ப ஓடுவது என்று பத்துப் பன்னிரண்டு தரம். பிறகு ஒருதரம் ஊன்றி மிதித்தேன். வெறும் வாகனம், பின் சில்லு முதலில் இறுகி வால் இடப்பக்கம் போனது. அண்ணை எதிர்பார்த்தே வந்திருந்தார். இறங்கி, கம்பியின் பூட்டு நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் குறைத்தார். திரும்ப மிதித்தேன். திரும்பக் குறைத்தார். நாலாந்தரம் மூக்கு நேராகக் குத்தி நின்றது. பிறகு மச்சான் எட்டு மூட்டை மணலோடு வந்து சேர, அதை ஏற்றி மறுபடியும் முதலிலிருந்து. ஆடு மேய்க்க வந்த ஐயா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன, விக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

போன மாதம் றம்பொடை இறங்கினோம். இந்தமுறை டொட் 4, இரண்டாம் மூன்றாம் கியர், நடுவில் ஒரு ரீக்கடையில் நிறுத்தி டிறம்மும் டிஸ்க்கும் எப்படி என்று கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முன்னுக்குச் சூடு, பின்னுக்கும் சூடு. பின்பக்கம் சூடாக இருந்ததில் எனக்கு இருந்த சந்தோசத்தை மச்சானுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. பழைய இடத்தைக் கடக்கும்போது அவர் டாஷ்போர்டைப் பிடித்தார்தான். ஒற்றைக் கையால்.

நேற்று டிறம்மைக் கழற்றினோம். பின் சூ ஒன்றரை மில்லிமீற்றர் தேய்ந்திருக்கிறது. அண்ணைக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.