எந்த மாடல் நல்லது?

நகர ஓடை வெள்ளத்தைக் கணிக்க எந்தக் கணினி மாடல் நல்லது என்று மொட்டையாகக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த ஓடை, மழையளவு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகிறது என்று தெரியாமல் என்ன சொல்வது?

பெரிய நதியில் வெள்ளம் வர நாள் கணக்கில் ஆகும். நகர ஓடை அப்படியல்ல. கூரையும் தார்ச்சாலையும் தண்ணீரைக் குடிப்பதில்லை. பெய்த மழை ஒரு மணி நேரத்துக்குள் ஓடையில் வந்து நிற்கும். மணிக்கொருமுறை பதிவான மழைத் தரவைக் கொடுத்தால், இருபது நிமிடம் கொட்டித் தீர்த்தது அறுபது நிமிட மழையாகப் பரவி, உச்சப் பாய்வு அடங்கிவிடும். அதன்பின் எந்த மாடலாக இருந்தால் என்ன?

1971இல் அமெரிக்காவில் உருவான எஸ்டபிள்யூஎம்எம் (SWMM) என்ற மழைநீர் வடிகால் மாடல், குழாய்க்குள் நடப்பதை நன்றாகச் சொல்லும். மேன்ஹோலில் பொங்கிய நீர் எந்தத் தெருவில் திரும்பும் என்று தனியாக அதனிடம் கேட்கக் கூடாது. அதற்கு ஹெக்-ராஸ் (HEC-RAS) போன்ற மென்பொருள்களில், நீர் நிலத்தில் பக்கவாட்டிலும் பரவுவதைப் போடும் இருபரிமாணக் கணக்கு வேண்டும். ஆனால் 30 மீட்டர் கட்டமுள்ள நிலமட்ட வரைபடத்தில் ஐந்து மீட்டர் அகல ஓடை தென்படவே தென்படாது. பழைய தரவில் பயின்ற எல்எஸ்டிஎம் (LSTM) என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் நொடியில் விடை தரும். போன மாதம் கட்டிய தடுப்புச்சுவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மதிப்பெண் போடுவதில்தான் பெரிய வேடிக்கை. கணிப்பும் அளந்த பாய்வும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க 1970இல் வந்த நாஷ்-சட்கிளிஃப் அளவையில் 1 எடுத்தால் முழுப் பொருத்தம். உச்ச மட்டத்தைச் சரியாகக் காட்டி, கால் மணி நேரம் தள்ளிக் காட்டிய மாடலுக்கு அங்கே இரட்டைத் தண்டனை: வந்தபோது காட்டவில்லை என்று ஒன்று, வடிந்தபின் காட்டியது என்று இன்னொன்று. உச்சத்தையே காட்டாமல் மழுப்பிய மாடல் அதைவிட நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்! எனவே உச்ச மட்டத்தையும் அது வரும் நேரத்தையும் தனித்தனியாகவே ஒப்பிடுகிறேன்.

இன்னொரு ஏமாற்று, மேனிங் கெழு, அதாவது ஓடையின் சொரசொரப்பு நீரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண். வழவழப்பான கான்கிரீட்டுக்குச் சுமார் 0.013, புதர் மண்டிய ஓடைக்கு அதுபோல் ஐந்தாறு மடங்கு. கல்வெர்ட் (சாலைக்கு அடியில் ஓடை போகும் சிறுபாலம்) வாயில் கிளையும் பழைய மெத்தையும் அடைத்திருந்த மழையை வைத்து மாடலைச் சரிசெய்பவர், கெழுவை ஏற்றியே நீர்மட்டத்தைப் பொருத்திவிடலாம். வரைபடம் அழகாக இருக்கும். அடைப்பை எடுத்தபின் வரும் மழையில் கணிப்பு உயரத்தில் நிற்கும், தண்ணீர் கீழே ஓடும்.

இரண்டு மாடல்களை என்னிடம் கொண்டுவருபவர்களிடம், சரிசெய்யப் பயன்படுத்தாத ஒரு மழையைக் கொடுத்து, கல்வெர்ட்டைத் திறந்து ஒருமுறையும் பாதி அடைத்து ஒருமுறையும் ஓட்டச் சொல்கிறேன். பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.