நின்றே வேலை பார்க்கும் கால்கள்

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் என் சித்தியின் இடது கெண்டைக்காலில் ரத்தக்குழாய்கள் நீலம் பாரித்துச் சுருண்டு புடைத்திருக்கின்றன. நல்லெண்ணெய் தேய்த்து நீவினால் அடங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். இது வெரிகோஸ் வெயின், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகள் புடைத்துச் சுருண்டுபோகும் நோய். நீவுவதால் இது அடங்காது.

காலிலுள்ள ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் உள்ளே ஆழத்திலுள்ள சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது திரும்ப இறங்கிவிடாமல், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வைப் போல, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் கீழே இறங்கித் தேங்கி, சிரை புடைத்துவிடுகிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் சுமார் 90 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் அழுத்தம், வால்வுகள் நன்றாக உள்ளவர் நடக்கத் தொடங்கியதும் 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே நடையைவிட நிற்பதுதான் காலுக்குப் பகை. கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. இருக்கை போட்டிருந்தாலும் வாடிக்கையாளர் முன்னால் உட்காரத் தயங்கும் ஊழியர்களே அதிகம் என்பது சித்தியின் அனுபவம்.

பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், வயது ஆகியவையும் காரணங்கள்தாம். மாலையில் கால் கனப்பதும் வீங்குவதும் தொடக்கம். கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து, அரித்து, தடித்துப்போனால் ஆறாத புண்ணுக்கு வெகுதூரமில்லை. பலர் அந்தப் புண் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கே போகிறார்கள்.

எந்த வால்வு பழுது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். அழுத்தக் காலுறை வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஆனால் பழுதான வால்வைச் சரிசெய்யாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கி மாட்டக் கூடாது. லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் பழுதான சிரையை உள்ளிருந்தே மூடிவிடுவது இப்போது பரவலாகச் செய்யப்படுகிறது. சிறிய கிளைகளுக்கு நுரை மருந்து ஊசி உண்டு. "குழாயை அடைத்துவிட்டால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பகுதியைச் சுமப்பவை ஆழத்துச் சிரைகள். அவை திறந்திருக்கின்றனவா என்பதை அதே ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டே தோலுக்கு அருகே மேலாக உள்ள பழுதான சிரையை மூடுகிறார்கள். பெரும்பாலோர் அன்றைக்கே நடந்து வீடு திரும்பலாம்.

புடைத்த சிரை எங்காவது இடித்து ரத்தம் பீறிட்டால், உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைக்க வேண்டும்.