மாருதி 800 கியர்பாக்ஸ்: பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கரகரவென்று கத்துகிறதா? பெரும்பாலும் இரண்டாம் கியரின் பித்தளை சின்க்ரோ ரிங் (கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

கியர்பாக்ஸின் கேஸை (வெளிக்கூட்டை) பிளப்பதற்கு முன் ரிவர்ஸ் ஷாஃப்ட் போல்ட்டையும், ஷிஃப்ட் ஷாஃப்ட்டுகளைப் பிடிக்கும் ஸ்பிரிங், குண்டுகளையும் வெளியிலிருந்தே கழற்றிவிடுங்கள். அதை மறந்து நெம்பினால் அலுமினியம் கேஸ்தான் விரிசல் விடும்.

சின்க்ரோ ரிங்கைக் கியரின் கோனில் (கூம்பு முகத்தில்) அழுத்திச் சுற்றிப் பாருங்கள், கவ்விப் பிடிக்க வேண்டும். பிறகு ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். இடைவெளி 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிட வேண்டியதுதான். ஸ்லீவின் (நகர்ந்து கியரோடு கோக்கும் வளையம்) பல் முனை மழுங்கியிருந்தால் புது ரிங் மட்டும் போட்டுப் பயனில்லை. ஸ்லீவையும் அது நகரும் ஹப்பையும் ஜோடியாகவே மாற்றுங்கள். மெக்கானிக்குகள் பலர் இதில்தான் சிக்கனம் பார்க்கிறார்கள், அதே சத்தம் சீக்கிரமே திரும்பிவிடுகிறது.

பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழட்டும். சர்க்கிளிப் (பூட்டு வளையம்), ஆயில் சீல் எல்லாம் புதிது போடுங்கள். ரிங்குகளில் கியர் ஆயில் தடவி மாட்டுங்கள். கேஸ் முகத்தில் சீலன்ட் மெல்லிய கோடாகப் போதும்.

ஆயில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை) தரம்தான். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள கூடுதல் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும்.