பக்கத்து வீட்டுப் பிராணி, நம் வீட்டு வளாகம்: பினாங்கிலிருந்து ஒரு சட்ட நாட்குறிப்பு

மார்ச் 3

ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கத்து டெரஸ் வீடுகளில் பூனைக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. நாயும் கேட் திறக்கிற நேரம் பார்த்து நுழைந்துவிடும். உள்ளே வந்த இடத்தில் அடிபட்டால் சண்டை. "என் நிலத்துக்குள் வந்தது, நான் ஏன் கொடுக்கணும்?" என்று ஒருவர். "உங்க வீட்டில்தானே நடந்தது, பில்லைக் கட்டுங்க" என்று மற்றவர். சட்டம் இரண்டையும் ஏற்பதில்லை. அங்கே என்ன இருந்தது, யார் வைத்தது, எதற்காக வைத்தது, பிராணி வரும் என்று வைத்தவருக்குத் தெரியுமா: இவைதான் கேள்விகள்.

1956 சிவில் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, 7.4.1956 அன்று இங்கிலாந்தில் நிலவிய பொதுச்சட்டம்தான் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டம்) தீபகற்ப மலேசியாவுக்கு அடிப்படை. நில உரிமையாளர் பொறுப்பு பற்றிய பிரிட்டிஷ் சட்டம் வந்தது 1957-இல். அது நமக்குப் பொருந்தாது. இணையத்தில் அதைப் படித்துவிட்டு அப்படியே நோட்டீஸ் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வீண் வேலை. இங்கே பேசுவது பழைய தீர்ப்புகள்.

மார்ச் 5

அரளி. பூஜைப் பூவுக்காக நம் வீடுகளில் வேலியோரம் வைக்கிறோம். இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த இலையிலும் நஞ்சு போகாது.

இதற்கு இரண்டு குதிரை வழக்குகள் கச்சிதமாகப் பொருந்தும். குரோஹர்ஸ்ட் எதிர் அமர்ஷம் பரியல் போர்டு (1878): கல்லறை நிர்வாகம் வேலியிலிருந்து சுமார் 4 அடி தள்ளி நட்ட யூ (yew) என்ற நச்சு மரம், வளர்ந்து பக்கத்துப் புல்வெளிக்குள் கிளை நீட்டியது. அதைத் தின்ற குதிரை செத்தது. நிர்வாகம் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. பாண்டிங் எதிர் நோக்ஸ் (1894): அதே யூ மரம், ஆனால் கிளை எல்லையைத் தாண்டவில்லை. குதிரைதான் கழுத்தை நீட்டித் தின்றது. பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு.

ஆகவே அரளிக் கிளை உங்கள் பக்கமே இருக்கிறதா, அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. தாண்டியதை வெட்டுங்கள். வெட்டியதைப் பின்சந்தில் போடாதீர்கள். மூட்டை கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

மார்ச் 8

விஷ விவகாரத்தில் நஷ்ட ஈட்டோடு முடிவதில்லை, குற்ற வழக்கும் வரும். டவுன்சென்ட் எதிர் வாத்தன் (1808) வழக்கில் ஒருவர் தன் நிலத்தில்தான் பொறி வைத்தார். ஆனால் வாடை வீசும் இறைச்சியைக் கட்டிப் பக்கத்து நாய்களை இழுத்தார். "என் நிலம்" என்ற வாதம் எடுபடவில்லை. இன்று 2015 விலங்குநலச் சட்டம் (2017 ஜூலை 18 முதல் அமலில்) இன்னும் கடுமை: 29-வது பிரிவின் கீழ் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தகுந்த காரணமின்றி விஷம் கொடுப்பதும் அதில் அடங்கும். பிராணியைக் கொல்வதையும் முடமாக்குவதையும் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 428-வது பிரிவும் உண்டு.

எலிக்கு வைத்த மருந்தைப் பூனை தின்றால்? வைத்த விதம்தான் பேசும். பூட்டுள்ள பெட்டிக்குள், சுவரோரம் வைத்து, மருந்தின் அட்டையைப் பத்திரப்படுத்தியவர் கவனமாக இருந்தார் எனலாம். கருவாட்டில் தடவி வாசலில் போட்டவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. புரோடிஃபாகோம் போன்ற மருந்துகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அறிகுறி தெரிய 2 முதல் 5 நாள் ஆகலாம். "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்பது ஆதாரமே அல்ல. தின்றது தெரிந்தவுடன் அட்டையோடு கிளினிக்குக்கு ஓடினால் வாந்தி எடுக்க வைக்கலாம். பிறகு வைட்டமின் கே1 வாரக்கணக்கில் போகும். இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்கு உடலைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதையும்.

எலிப் பசையில் ஒட்டிய பூனைக்குட்டிக்குச் சமையல் எண்ணெய் தடவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், தோலும் வெந்துபோகும், நக்கினால் நஞ்சும் ஏறும்.

மார்ச் 9

கோழிகளைக் கடிக்கும் நாயை அடிக்கலாமா? கிரெஸ்வெல் எதிர் சர்ல் (1948) தீர்ப்புப்படி தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது நடக்கப் போகும் நிலையில் இருக்க வேண்டும். வேறு வழியும் இருந்திருக்கக் கூடாது. நாய் ஓடிப்போன பிறகு தேடிப்போய் அடித்தால் அது பழிவாங்கல்.

மார்ச் 12

ஆட்டோ கேட். தரையிலிருந்து அரை மீட்டரில் ஒரே ஒரு சென்சார் இருந்தால் சின்ன நாய் அதற்குக் கீழேயே போய்விடும். பக்கத்து நாய் தினமும் அந்த வழியே வரும் என்று தெரிந்தும், கேட்டைப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்துகிறவர் நிலை பலவீனம். ஆனால் நாயைக் கட்டாமல் விட்டவருக்கும் பங்கு உண்டு: சிவில் சட்டத்தின் 12-வது பிரிவு பொறுப்பைப் பிரிக்கிறது. மருத்துவச் செலவு 2,400 ரிங்கிட், பாதிப் பொறுப்பு நாய்க்காரருடையது என்றால் அவருக்குக் கிடைப்பது 1,200.

தீபாவளிக்குக் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போகிறவர் "நாயைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க அண்ணே" என்று விட்டுப்போனால் கதையே வேறு. காசு வாங்காவிட்டாலும் 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 104-வது பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ளவர் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். அப்படிக் காத்ததை நிரூபிப்பதும் பார்த்துக்கொண்டவர் வேலை. சரி சொல்லுமுன் கேட்டின் அடி இடைவெளியைப் பாருங்கள்.

மார்ச் 18

அடிபட்ட அன்று: நாயைத் தொடுமுன் வாயைத் துணியால் கட்டுங்கள் (வாந்தி எடுத்தால் கட்டாதீர்கள்), வலியில் பழகிய நாயும் கடிக்கும். இடத்தைப் படம் எடுங்கள். சிசிடிவி பதிவை உடனே எடுத்து வையுங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கிளினிக்கில் கையெழுத்து நாய்க்காரர் போடட்டும்; நீங்கள் போட்டால் பில் உங்கள் பெயருக்கு வரும். வாட்ஸ்அப்பில் "எல்லாம் என் தப்பு, நான் கட்டுறேன்" என்று எழுதிவிட்டுப் பிறகு மறுப்பது கஷ்டம். உதவித்தொகை கொடுக்க விரும்பினால், பேச்சுவார்த்தைக் கடிதத்தின் தலைப்பில் "தன்பா பிரஜுடிஸ்" (tanpa prejudis: இதைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக எடுக்கக் கூடாது என்று பொருள்) என்று போடுங்கள். வீட்டுப் பொருள் காப்புறுதியில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், வாக்குறுதி தருமுன் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும்.

மார்ச் 21

பேச்சு முறிந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை: 5,000 ரிங்கிட் வரை, வக்கீல் இல்லாமல், போராங் (படிவம்) 198. எதிர்வாதத்துக்கு 14 நாள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இதை எடுக்காது, அண்டை வீட்டார் வியாபாரி அல்லவே. சட்டத்துக்குப் பிராணி ஒரு சொத்து. நியாயமான மருத்துவச் செலவையும் சந்தை விலையையும் கேளுங்கள், மன வேதனைக்குத் தொகை எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். கம்பத்துப் பூனைக்குச் சந்தை விலை ஏறக்குறைய இல்லை. ரசீதுகள்தான் கை கொடுக்கும். மொத்தம் 5,600 வந்தால் 600-ஐ விட்டுக்கொடுக்கலாம், இரண்டு வழக்காகப் பிரிக்க முடியாது. காலக்கெடு 6 ஆண்டு.