எது நம் அரசாணிக்கால்?

காவிரிப் படுகைக்காரனுக்குச் செடி வளர்க்கத் தெரியும் என்பது வீண் புகழ்ச்சி. இங்கே தெரிந்தது மண்ணுக்குத்தான். மனிதர்கள் குறுக்கே விழாமல் இருந்தால் போதும். வேலிக்கு ஊன்றிய கிளுவை தானாகத் துளிர்க்கும். மாடு கட்ட அடித்த பூவரசங்கட்டை இலை விடும். ஒதியங்கம்பில் கயிறு கட்டித் துணி உலர்த்தினால், ஒரு மழைக்காலம் போனதும் வேட்டியின் மேல் நிழல் விழுந்து ஈரம் காயாது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் உள்ள எங்கள் ஊரில் துளிர்க்க மாட்டேன் என்று அடம்பிடித்த கம்பு எனக்குத் தெரிந்து ஒன்றுதான். துளிர்த்தே தீர வேண்டிய கம்பும் அதுதான்.

வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். மணமேடையில் அரசங்கிளையையும் கல்யாண முருங்கைப் போத்தையும் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணி சுற்றி, அரசாணிக்கால் நடுவது எங்கள் வீட்டு வழக்கம். எல்லாம் முடிந்ததும் முருங்கைப் போத்தை மட்டும் மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஊன்றுவோம். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். துளிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சங்கடமே அதில்தான் இருக்கிறது. இத்தனைக்கும் கை கனத்துக்கு ஒரு கிளையை வெட்டி ஈரத்தில் ஊன்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும் மரம் இது. இந்தச் சகுனத்தை ஏற்பாடு செய்த முன்னோர்கள் வம்பில்லாத மரமாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

அதே கல்யாணத்தில், கிண்ணத்து மண்ணில் நவதானியம் தூவி முளைக்கவிடும் பாலிகையும் தெளித்தோம். கடையில் வாங்கிய நவதானியப் பொட்டலத்தில் பச்சைப்பயறு மறுநாளே வால் விட்டது. மொச்சை ஊதிப் பெருத்ததோடு நின்றது. முழுத் துவரைக்குப் பதில் உடைத்த பருப்பைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அது எந்த மந்திரத்துக்கும் முளைக்காது. கல்யாணம் முடிந்து பாலிகையை ஆற்றில் கரைக்கப் போனால், குடமுருட்டியில் மணல்தான் இருந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி எங்கள் ஊரை எட்டிப் பார்க்கும்வரை பாலிகைக் கிண்ணத்தோடு யார் காத்திருப்பது? கிணற்றடியில் கவிழ்த்து ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டோம். அந்த இடத்திலிருந்து ஐந்தாறு அடியில்தான் அரசாணிக்காலும் ஊன்றப்பட்டது.

ஊன்றும்போதே தகராறு. பந்தல்காரர் போத்தின் இரண்டு முனைகளையும் ஒரே மாதிரி நறுக்கி, மேலிருந்து கீழ்வரை மஞ்சளைப் பூசியிருந்தார். எது தலை, எது அடி என்று தெரியவில்லை. பருத்த முனைதான் அடி என்றார் தாய்மாமன். இரண்டுமே ஒரே பருமன் என்றார் அப்பா. அத்தை குனிந்து, நகத்தால் மஞ்சளைச் சுரண்டிப் பார்த்தார். இலை உதிர்ந்த இடத்தில் பிறை போல் ஒரு தழும்பு இருக்கும். துளிர் கிளம்புகிற மொட்டு அந்தத் தழும்புக்கு மேல் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், திருப்புங்கள்" என்றார் அத்தை. அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று புரோகிதர் அவசரப்படுத்த, தாய்மாமன் பிடித்த பிடியிலேயே குழிக்குள் இறக்கிவிட்டார். தலைகீழாக நட்ட குச்சி வேர் விடத் திணறும். வேர் விடத் தூண்டுகிற சத்து அடி நோக்கித்தான் இறங்கும்; நாம் திருப்பி வைத்ததற்காக அது வழியை மாற்றிக்கொள்வதில்லை.

அந்த வாரமே தம்பியும் அவன் மனைவியும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே மூன்று பெரியவர்களும் ஒரு கம்பும் மிஞ்சினோம். என்னையும் சேர்த்துக்கொள்ளலாம், நான் பார்வையாளன்.

அப்பா காலையில் எழுந்ததும் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். அவர் கீறினார், பால்காரர் கீறினார், கல்யாணம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு கீறல் கீறினார்கள். சில நாளில் கீறுவதற்குப் பட்டை இல்லை. அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். "வேர் இல்லாத கம்பு எதைக் குடிக்கும்? அழுகித்தான் போகும்" என்று அத்தை கத்தினார். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர், வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறேன் என்று வரும்போதெல்லாம் போத்தைப் பிடித்து ஆட்டுவார். ஒருவேளை நூல் போல் ஒரு வேர் கிளம்பியிருந்தாலும் அவர் கையால்தான் அதற்குக் காரியம் நடந்திருக்கும்.

எங்கள் தெருவில் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். கனத்த போத்தில் மாவுச்சத்து நிறைய இருக்கும், அதை வைத்துக்கொண்டு வேர் இல்லாமலே இலை விட்டுவிடும், ஆகவே துளிர்த்தாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்றார். துளிரே வராத வீட்டில் வந்து சொல்கிற பேச்சா இது? அப்பாவின் முகம் சுருங்கியது. அதோடு விட்டாரா? அடுத்த முறை அடிமுனையில் இண்டோல் பியூட்டிரிக் அமிலப் பொடியைத் தொட்டு நடுங்கள், வேர் விரைவாக வரும் என்றார்.

"கல்யாணக் காலுக்கு அமிலமா?" என்று அத்தை எழுந்துவிட்டார். "அடுத்த முறை என்று வேறு சொல்கிறீர்கள். என் தம்பி மகனுக்கு எத்தனை கல்யாணம் செய்துவைப்பதாக உத்தேசம்?"

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு நடுவில் சம்பந்தி அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தொலைபேசியில் அழைப்பார். வெயில், விலைவாசி, தம்பியின் இருமல் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கொல்லையில் எல்லாம் செழிப்புத்தானே?" என்பார். "கண் விட்டிருக்கிறது சம்பந்தி" என்பார் அம்மா. தம்பியிடம் இதைச் சொன்னபோது, "எந்தக் கம்பு?" என்று கேட்டான்.

ஒருநாள் விடியற்காலையில் கொல்லைக் கதவு திறந்திருந்தது. போய்ப் பார்த்தால், அப்பா கடப்பாரையோடு நிற்கிறார். பழைய போத்து எருக்குழி ஓரத்தில் கிடக்கிறது. வாய்க்கால் வேலியில் வெட்டிய புதுப் போத்து அதே குழியில், அதே மஞ்சள் துணியோடு நிமிர்ந்து நிற்கிறது. கல்யாண முருங்கையின் கிளையெல்லாம் முள்; அப்பாவின் கட்டைவிரலில் ரத்தம். "உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மனது கஷ்டப்படுவாள்" என்றார்.

அப்பா கும்பகோணம் போன ஒரு நாளில் அம்மா ஆள் வைத்து அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு போத்தை ஊன்றினார். பழையது செத்துவிட்டது என்றே அவர் நினைப்பு. அது போய்ச் சேர்ந்து புதியது நிற்கிற விஷயம் அவருக்குத் தெரியாது. "கேட்டால் சுரைக்கொடிக்குப் பந்தல்கால் என்று சொல். உன் அப்பாவுக்குத் தெரிந்தால் மனது கஷ்டப்படுவார்" என்றார். சொன்னேன். "பந்தல்கால் சரி, சுரை எங்கே?" என்று அப்பா கேட்டார். அதற்காகவே, ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஒரு பழமொழியைத் துணைக்கு இழுத்து, அம்மா சுரை விதையை ஊறவைத்து நட வேண்டியதாயிற்று. அது மிக நன்றாகக் காய்த்தது என்பது வேறு கதை. ஆவணிக்கு மேல் எங்கள் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு இல்லாத நாள் குறைவு.

அத்தை லேசுப்பட்டவரா? எருக்குழியில் சாணி கொட்டப் போனவர் அசல் போத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கீறல்களை வைத்து அடையாளம் தெரிந்ததாம். அதன் மேல் முனையைச் சாய்வாகச் சீவி அடியாக்கி, தான் சொன்னபடி திருப்பி, எருக்குழி மேட்டில் ஊன்றிவிட்டார். "உன் அப்பனுக்கும் அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் மனது கஷ்டப்படுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தது. வாய்க்கால் நிறைந்து, வெடித்துக் கிடந்த களிமண் வாயை மூடிக்கொண்டது. ஆடிக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண்ணை அழைத்துப்போகச் சம்பந்தி வீட்டார் வந்து ஓர் இரவு தங்கினார்கள். கிணற்றடியில் இரண்டு போத்துகள் துளிர்த்து நின்றதைக் கண்டு சம்பந்தி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எருக்குழிப் பக்கம் அவர்களை அத்தை விடவில்லை.

அவர்கள் புறப்பட்ட பிறகு கொல்லைக்குப் போனேன். வேலி ஓரத்தில், தென்னைக்கு அந்தப் பக்கம், நான்காவதாக ஒரு போத்து நின்றது.

நட்டவர் கைதேர்ந்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. முழ ஆழக் குழி. சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்கி, தண்ணீர் தேங்காமல் கொஞ்சம் மேடாக்கியிருந்தார்கள். மேல் முனை வெயிலில் காயாமல் இருக்கச் சாணி உருண்டை. எங்கள் வீட்டார் நட்ட எதற்கும் யாருக்கும் சாணி வைக்கத் தோன்றவில்லை. அந்த உருண்டை இன்னும் ஈரமாக இருந்தது. அழுத்திய விரல்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. ஒரு விரல் தடத்தின் அடியில், ஓரம் கூர்மையாக, சின்னச் சதுரம் ஒன்று. மோதிரக் கல்.

வீட்டுக்குள் வந்து எல்லார் கையையும் பார்த்தேன். அப்பா மோதிரம் போடுவதில்லை. அம்மாவுடையது நெளி மோதிரம். அத்தை கையில் வளையலோடு சரி. எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஆட்டத்தான் தெரியும், நடத் தெரியாது. மூன்று பேரின் ரகசியத்தைச் சுமப்பவன் நான்காவதைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது? பேசாமல் இருந்துவிட்டேன்.

புரட்டாசி மழைக்கு நான்கும் ஒரே மூச்சில் கிளம்பின. ஒரு காம்புக்கு மூன்று இலையாக, உள்ளங்கை அகலத்தில் தளதளவென்று வந்தன. அப்பாவின் மரத்தில் மட்டும் இலைக்காம்பெல்லாம் முண்டு முண்டாக வீங்கின. அது ஒரு பொடிக் குளவி முட்டை இடுவதால் வருவது என்று வேளாண்மைக்காரர், இந்த முறை வாசலில் நின்றபடியே, சொன்னார். வீங்கிய கொழுந்தையெல்லாம் அப்பா யாருக்கும் தெரியாமல் கிள்ளி வாய்க்காலில் எறிந்துகொண்டிருந்தார். இதற்கிடையில் பாலிகை கொட்டிய இடத்தில், ஊதிப் பெருத்ததோடு நின்ற அந்த மொச்சை ஒன்று எப்படியோ முளைத்து, யாரையும் கேட்காமல் கிணற்றடிப் போத்துகள் இரண்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் தலைதீபாவளிக்கு அழைக்கச் சம்பந்திகள் வந்தார்கள். காபி முடிந்ததும் எல்லாரும் கொல்லைக்குப் போனோம். சம்பந்தி ஐயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"தோப்பே வைத்துவிட்டீர்களே! இதில் எது நம் அரசாணிக்கால்?"

மூன்று கைகள் ஒரே நேரத்தில் மூன்று பக்கம் நீண்டன. அப்பாவின் கை கிணற்றடியில் இடப்பக்கம், அம்மாவின் கை வலப்பக்கம், அத்தையின் கை எருக்குழி மேடு. யாரும் கையை இறக்கவில்லை. சம்பந்தி ஐயா என்னைப் பார்த்தார். நான் மொச்சைப் பூவைப் பார்த்தேன்.

"அடைக்குக் கொஞ்சம் இலை பறித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தி அம்மா தென்னையைத் தாண்டி வேலி ஓரத்துக்கு நேராக நடந்தார். தேடவில்லை, தயங்கவில்லை. நான் பின்னாலேயே போனேன். அவர் கொழுந்தை விட்டுவிட்டு முற்றாத இலையாகப் பார்த்துக் கிள்ளினார். மோதிர விரலில் சதுரமாக ஒரு புஷ்பராகம்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"எங்கள் வீட்டு மரத்துப் போத்து, தம்பி. சீர்த்தட்டோடு டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தேன். கிணற்றடியில் நின்ற இரண்டும் கல்யாணத்தில் பார்த்தது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்" என்றார். பிறகு கொல்லைப்புறம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மனது கஷ்டப்படுவார்கள்."