சென்னை மாவட்டம்: எல்லையும் எண்ணிக்கையும்

கோயம்புத்தூரில் சென்னையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அங்கே கால் வைக்க இடமில்லை என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. 2011 கணக்கெடுப்பும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. அன்றைய சென்னை மாவட்டத்தின் 175 சதுர கிலோமீட்டரில் 46,46,732 பேர், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வாழ்ந்தார்கள். 4,723 சதுர கிலோமீட்டர் பரந்த நம் மாவட்டத்திலோ 34,58,045 பேர்தான், அடர்த்தி 730-ஐ ஒட்டியே நின்றது. ஆனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. வால்பாறையின் தேயிலைச் சரிவுகளும், யானைகள் மட்டுமே நடமாடும் ஆனைமலைக் காடுகளும், பொள்ளாச்சித் தோப்புகளும் நம் கணக்கில் சேர்கின்றன. அங்கே எல்லைக்குள் இருந்தது முழுக்க நகரம் மட்டுமே.

நிலத்தின் தன்மையும் வேறு. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கும் கோவையில் மழைநீர் சரிவு பார்த்துப் பள்ளங்களில் இறங்கி நொய்யலைச் சேர்ந்துவிடும். சென்னையின் சராசரி உயரமோ ஆறேழு மீட்டர்தான். பரங்கிமலையையும் கிண்டியை ஒட்டிய பாறை நிலத்தையும் விட்டால் மேடு என்று சொல்ல அதிகமில்லை. ஆண்டு மழையோ கோவையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீரைக் கடலுக்குக் கொண்டுபோகக் கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய ஆறுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டி வடக்கு தெற்காக ஓடும் பக்கிங்காம் கால்வாயும் இருக்கின்றன. ஆனால் முகத்துவாரங்களில் அலை மணலைத் தள்ளி அடைப்பதால், இயந்திரம் வைத்துத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியாக இதே கால்வாயில் விழுந்து கோவளம் வரை சுற்றித்தான் கடலைக் காண்கிறது. வேளச்சேரியில் என் சித்தப்பா வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செங்கல் தடுப்பு உண்டு. தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், தடுப்பைத் தாண்டி இரண்டு படி கீழே இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

கடற்கரையும் நிலையானதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்வதால், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையை அரித்தது. மெரினாவில் மணலில் கால் புதைய நடந்துதான் அலையைத் தொட முடியும். வடசென்னையிலோ கொட்டி வைத்த கருங்கல் பாறைகளில் அலை நேராக வந்து மோதுகிறது.

கிழக்கே கடல் இருப்பதால் குடியிருப்புகள் மேற்கிலும் தெற்கிலும் ஏரிப் பகுதிகளை நோக்கிப் பரவின. 2001-இல் 43,43,645 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை பத்தாண்டுகளில் ஏழு சதவீதம்தான் கூடியது என்றால், அதற்குக் காரணம் சென்னையின் மவுசு குறைந்தது அல்ல. புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர் அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என்று அண்டை மாவட்டங்களின் கணக்கில் இருந்தார்கள். 2018-இல் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் அப்பகுதிகள் சென்னையோடு இணைக்கப்பட்டு, மாவட்டம் மாநகராட்சி எல்லையளவுக்கு, 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2011 எண்ணிக்கையையே இந்தப் பரப்புக்குப் பொருத்தினால் மக்கள்தொகை சுமார் 67 லட்சமாக உயர்கிறது, அடர்த்தியோ 16,000 அளவுக்கு இறங்குகிறது. ஒருவர்கூட வீடு மாறாமலே நெரிசல் குறைந்துவிட்டது, காகிதத்தில்!

2021-இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதால், விரிந்த எல்லைக்குள் நடக்கப்போகும் முதல் கணக்கெடுப்பு 2027-இல்தான். அதன் எண்கள் வெளிவந்ததும் சென்னை ஒரேயடியாகப் பெருத்துவிட்டது என்ற பேச்சு நம் ஊர்வரைக்கும் வரும். அவற்றை 2011-இன் 46 லட்சத்தோடு அல்ல, 67 லட்சத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.