இலவசக் கணித முகாமுக்கு விண்ணப்பம்: எந்தக் காகிதம் எங்கே மாட்டிக்கொள்ளும்

எங்கள் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கணிதம் சொல்லித்தரும் குழுவில் நானும் இருக்கிறேன். இந்த வருடம் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு இலவசக் கோடை முகாம்களுக்கு விண்ணப்பம் போட்டோம். நுழைவுக் கணக்குகளைப் பிள்ளைகள் ஆசையாகப் போட்டு முடித்தார்கள். கட்டுரையும் சிக்கலில்லாமல் முடிந்தது. எங்களை அலைய வைத்தவை வருமானச் சான்று, பள்ளி ஆவணம், மருத்துவப் படிவம். அமெரிக்காவில் இந்த வேலையில் இறங்கப்போகும் தமிழ் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை வருமானச் சான்று. குறைந்த வருமானக் குடும்பம் என்று காட்ட, பள்ளியிலிருந்து 'இலவச மதிய உணவுக் கடிதம்' வாங்கிவரச் சொல்கிறது முகாம். பள்ளி அலுவலகத்தில் கேட்டால், "அப்படி ஒரு கடிதம் நாங்கள் கொடுப்பதே இல்லை" என்று அம்மாக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகள் மொத்தப் பள்ளிக்கும் இலவச உணவு தரும் கூட்டாட்சித் திட்டத்தில் சேரலாம். 2014 முதல் நாடு முழுவதும் இது உண்டு. அதில் சேர்ந்த பள்ளியில் குடும்பவாரியாக உணவு விண்ணப்பமே கிடையாது, ஆகவே தனிக் கடிதமும் கிடையாது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளியில்தான் ஏழ்மையைக் காட்டும் காகிதம் கிடைக்கவில்லை! இதைக் கவுன்ட்டரில் ஒருவராவது விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த அம்மாக்கள் வேலையில் லீவு போட்டு மறுபடி வந்திருக்க வேண்டாம்.

இதற்கு வழி உண்டு. 'ஸ்னாப்' என்ற அரசு உணவு உதவி பெறும் குடும்பமென்றால் அதற்கான ஒப்புதல் கடிதமே போதும். பிள்ளையின் பெயரும் நடப்புத் தேதியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1040 வருமான வரிப் படிவத்தின் முதல் இரண்டு பக்கங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கறுப்பு மையால் மறைத்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள். வரியே தாக்கல் செய்யாத குடும்பம் வருமான வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் 'தாக்கல் செய்யவில்லை' என்ற கடிதம் கேட்கலாம். ஆனால் நடப்பு வரி ஆண்டுக்கான கடிதம் ஜூன் 15க்குப் பிறகுதான் கிடைக்கும், அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். முந்தைய ஆண்டுக் கடிதத்தை ஏற்பார்களா என்று முகாமுக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து கேளுங்கள். எங்கள் பள்ளி முழு இலவச உணவுத் திட்டத்தில் இருக்கிறது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தின் உணவுப் பிரிவு எழுதித் தந்த கடிதத்தை ஒரு முகாம் ஏற்றது, இன்னொன்று மறுத்துவிட்டது.

பாட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல். கையெழுத்துப் போடுபவர் பாட்டி, வரிப் படிவத்தில் பிள்ளையைக் காட்டியிருப்பவர் அப்பா என்றால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பி வரும். பிள்ளை யார் வீட்டில் வளர்கிறது என்று ஒரு கடிதம் எழுதி நோட்டரி முத்திரை வாங்கி, அதை முதலிலேயே இணைத்துவிடுங்கள். கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பல வங்கிகள் இதை இலவசமாகவே செய்து தருகின்றன.

அடுத்தது மதிப்பெண் பட்டியல். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் தன்னார்வலர் கையில் பள்ளி எதையும் தராது. 1974இன் மாணவர் ஆவணச் சட்டம் அப்படி, அது சரியும்கூட. "என் மகனின் ரிப்போர்ட் கார்டை இவரிடம் கொடுக்கவும்" என்று மட்டும் எழுதினால் செல்லாது. எந்த ஆவணம், எதற்காக, யாரிடம் என்ற மூன்றும், கூடவே கையெழுத்தும் தேதியும் வேண்டும். எங்கள் அனுமதிக் கடிதத்தில் 'எதற்காக' என்பது இல்லையென்று ஒரு அலுவலகம் திருப்பி அனுப்பியது; சேர்த்து எழுதியதும் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். பெற்றோரே நேரில் கேட்டால் காட்டியாக வேண்டும், ஆனால் அதற்குப் பள்ளிக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. கடைசி வாரத்தில் போய் நின்று பயனில்லை.

சிபாரிசுக் கடிதத்துக்கு அதைவிட முன்னால் ஓட வேண்டும். இந்தப் பள்ளிகளில் கணித ஆசிரியர் வருட நடுவில் போய்விடுவது சாதாரணம். பதிலுக்கு வந்தவருக்குப் பிள்ளையைத் தெரியாது. குளிர்கால விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். முகாம் ஆசிரியருக்கு அனுப்பும் லிங்க் ஸ்பாமில் போய் விழும், எனவே வந்ததா என்று நேரில் கேளுங்கள். பிள்ளையின் பள்ளி மின்னஞ்சலை மட்டும் எங்கேயும் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் கடிதங்களைப் பல பள்ளிகள் அதில் தடுத்துவிடுகின்றன. தேர்வான செய்தியே வந்து சேராமல் இடம் கைநழுவப் பார்த்தது.

தங்கிப் படிக்கும் முகாமென்றால் மருத்துவப் படிவம். 12 மாதத்துக்குள் செய்த உடல் பரிசோதனை என்றிருந்தால், விண்ணப்ப நாளிலிருந்து எண்ணாமல் முகாமின் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். போன மே மாதம் செய்தது ஜூலை முகாமுக்குக் காலாவதி. கிளினிக்கில் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா அதிகம். இன்ஹேலருக்கு டாக்டர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும், மருந்துக்கடை லேபிள் ஒட்டிய பெட்டியோடு கொண்டுபோக வேண்டும். பிள்ளை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டத்தில் டாக்டர் டிக் செய்யாவிட்டால் இன்ஹேலர் நர்ஸ் அறையில் பூட்டிக் கிடக்கும்.

இவ்வளவு அலைச்சல் ஏன் என்று கேட்பவர்களுக்கு: அல்ஜீப்ராவை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால், ஜியாமெட்ரி, இரண்டாம் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ் என்று நான்கு வருடமும் தீர்ந்துவிடும், கால்குலஸுக்கு இடமிருக்காது. எட்டிலேயே தொடங்கியாக வேண்டும், முகாம் அதற்குத்தான் கைகொடுக்கிறது. மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போராடிய பாப் மோசஸ், 1982இல் 'அல்ஜீப்ரா ப்ராஜெக்ட்' என்ற கணிதக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். வாக்குரிமை போலவே கணிதமும் குடிமக்களின் உரிமை என்றார். பாஸ்டன் ரெட் லைன் ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிப்போய், நிலையங்களை வைத்தே மிகை எண்ணும் குறை எண்ணும் புரியவைத்தார். வாக்காளர் பதிவு அலுவலகத்தில் படிவத்தையும் எழுத்தறிவுத் தேர்வையும் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பியதை நேரில் கண்டவர் அவர். பள்ளி கவுன்ட்டரில் நிற்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

முகாமில் இடம் கிடைத்ததோடு விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்கு யார் யார் என்ற பட்டியலைப் பல பள்ளிகள் வசந்த காலத்திலேயே போட்டுவிடுகின்றன, முகாம் முடிவதோ கோடையில். எங்கள் மாணவன் ஒருவனுக்கு "பட்டியல் மூடியாயிற்று" என்றார்கள். அவன் அம்மா தேதியிட்டுக் கடிதம் எழுதி, அல்ஜீப்ராவுக்குத் தயாரா என்று பார்க்கும் நிலைத் தேர்வு வைக்கும்படி கேட்டு, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை வாங்கி வைத்தார். வாய்மொழியாகக் கேட்டபோது வராத பதில் கடிதத்துக்கு வந்தது: ஆகஸ்டில் தேர்வு வைத்தார்கள், அவன் தேறினான். உங்கள் பிள்ளைகளுக்கும் இடம் உறுதியான அன்றே அப்படி ஒரு கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். முகாம் முடிந்ததும் அங்கே நடத்திய பாடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துக் கொடுங்கள்; சான்றிதழை மட்டும் காட்டினால் யாரும் பொருட்படுத்துவதில்லை.